சூரியக் காற்றில் ஒரு கம்பி: சில குறிப்புகள்

சூரியன் வெளியே அனுப்புவது ஒளியை மட்டுமில்லை. தன் சொந்தப் பொருளையே நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் எல்லாத் திசையிலும் வீசிக்கொண்டிருக்கிறது. புரோட்டானும் எலக்ட்ரானும் கொஞ்சம் ஹீலியமும் கலந்த அந்த வீச்சுக்குத்தான் சூரியக் காற்று என்று பெயர். பூமியை நெருங்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். மந்தமான நாளில் 300. உக்கிரமான நாளில் 800-ஐத் தொடும். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கிற நம் மிகச் சிறந்த ராக்கெட் எஞ்சினின் புகை நொடிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்தில்தான் வெளியேறுகிறது.

வேகம் இருக்கிறது, கனம் இல்லை. ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்தாறு புரோட்டான்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பாய் விரித்துப் பிடித்தாலும் இந்தக் காற்று அதன்மேல் தரும் தள்ளல், பூமியில் கால் கிராம் எடைக்கும் குறைவு. இதை நம்பி ஒரு கலத்தை யுரேனஸ்வரை அனுப்பலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

*

ஒளிப்பாய் வேறு, காற்றுப்பாய் வேறு. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. 2010-இல் ஜப்பான் அனுப்பிய இக்காரோஸ், 2019-இல் பறந்த லைட்செயில் 2 ஆகியவை ஒளியால் தள்ளப்பட்டவை. கண்ணாடிபோல் பளபளக்கும் மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது கிடைக்கும் தள்ளல் அது. சூரியக் காற்றின் அழுத்தத்தைவிட அது நாலாயிரம், ஐயாயிரம் மடங்கு அதிகம்.

அப்படியானால் வலுவான ஒளியை விட்டுவிட்டு நோஞ்சானான காற்றை ஏன் பிடிக்க வேண்டும்? ஒளியை மறிப்பதற்குப் பொருள் வேண்டும். எத்தனை சதுர மீட்டர் தள்ளல் தேவையோ அத்தனை சதுர மீட்டர் படலத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டும். காற்றிலோ ஒவ்வொரு துகளும் மின்னூட்டம் உள்ளது; அதைத் தொடாமலே திருப்பிவிடலாம். பாய் இருக்க வேண்டிய இடத்தில் மின்புலம் இருந்தால் போதும். மின்புலத்துக்கு எடை கிடையாது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரிந்துவிடும்.

*

எரிபொருளின் கொடுமை என்ன என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு டன் எடையுள்ள கலத்துக்கு நொடிக்கு 30 கிலோமீட்டர் கூடுதல் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1903-இல் ரஷ்யாவின் த்சியோல்கோவ்ஸ்கி எழுதிய சமன்பாட்டில், மேலே சொன்ன சிறந்த எஞ்சினைப் போட்டுப் பார்த்தால் சுமார் 780 டன் எரிபொருள் ஆகிறது. தொட்டிகளின் எடையைச் சேர்க்காமல் வந்த எண் இது. எரிபொருளைத் தூக்குவதற்கு எரிபொருள், அதைத் தூக்க மேலும் எரிபொருள் என்று அது பெருகிக்கொண்டே போகிறது.

வாயுவை அயனியாக்கி மின்சாரத்தால் வீசித் தள்ளும் அயனி எஞ்சின்கள் பெரிய ஆறுதல்தான். 2007-இல் கிளம்பிய டான் விண்கலம் 425 கிலோ செனான் வாயுவை வைத்துக்கொண்டு குறுங்கோள் வளையத்தில் உள்ள வெஸ்டாவுக்கும் சீரிஸுக்கும் போனது. ஆனால் செனானும் ஒருநாள் தீரும். தீர்ந்தால் கலம் அத்தோடு சரி.

*

சூரியக் காற்று என்ற ஒன்று இருப்பதையே ஒரு காலத்தில் பலர் ஏற்கவில்லை. வால்நட்சத்திரத்துக்கு இரண்டு வால் உண்டு. தூசி வால் வளைந்திருக்கும். அயனி வால் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் விறைத்து நீளும். இந்த இரண்டாம் வாலை ஒளியின் அழுத்தத்தால் மட்டும் விளக்க முடியாது, சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வர வேண்டும் என்று 1951-இல் ஜெர்மனியின் லுட்விக் பீர்மன் எழுதினார். 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜீன் பார்க்கர், சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனா அவ்வளவு சூடாக இருந்தால் அது ஓரிடத்தில் அடங்கி நிற்காது, ஒலியின் வேகத்தைத் தாண்டி வெளியே ஓடியே தீரும் என்று கணிதமாக நிறுவினார். அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலுக்கு அனுப்பிய அந்தக் கட்டுரையை, ஆய்வு செய்த இருவருமே நிராகரித்தார்கள்.

அந்த இதழின் ஆசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போனவர்தான். அவருக்கும் பார்க்கரின் முடிவு பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை ஒன்றும் காட்ட முடியாதபோது வெளியிடாமல் இருக்க நியாயம் இல்லை என்று, இரண்டு நிராகரிப்பையும் ஒதுக்கிவிட்டுக் கட்டுரையை அச்சேற்றினார். தான் நம்பாத ஒன்றுக்கு இடம் கொடுப்பது ஓர் ஆசிரியருக்குச் சின்ன விஷயமில்லை. அடுத்த ஆண்டே சோவியத்தின் லூனா 1 அந்தத் துகள்களைத் தொட்டுப் பார்த்தது. 1962-இல் மரைனர் 2 வெள்ளிக்குப் போகிற வழியெல்லாம் இடைவிடாமல் அளந்தது. 2018 ஆகஸ்டில் தன் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிக் கிளம்பியதை 91 வயதில் பார்க்கர் நேரில் நின்று பார்த்தார்.

*

இப்போது அந்தக் கம்பிக்கு வருவோம்.

பெக்கா யான்ஹுனன், ஹெல்சிங்கியில் உள்ள ஃபின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் இயற்பியலாளர். துருவ ஒளியும், மின்னூட்டத் துகள்களாலான விண்வெளிப் பிளாஸ்மாவும் அவருடைய துறை. 2004-இல் அவர் முன்வைத்த யோசனைக்கு மின்பாய் என்று பெயர். கலத்தின் நடுவிலிருந்து நூறு கம்பிகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் வெளியே நீள்கின்றன. ஒவ்வொன்றும் 20 கிலோமீட்டர். கலம் மெல்லச் சுழல்வதால் கம்பிகள் மையவிலக்கு விசையில் விறைப்பாக நிற்கின்றன. கம்பிகளுக்கு 20,000 வோல்ட் நேர்மின்னழுத்தம் ஏற்றப்படுகிறது.

நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான் பாய்ந்து வருகிறது. நொடிக்கு 400 கிலோமீட்டரில் வரும் புரோட்டானை நிறுத்த ஆயிரம் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைந்த மின்னழுத்தமே போதும். கம்பியில் 20,000 இருக்கிறது; கம்பியிலிருந்து விலக விலக அது குறைந்துகொண்டே போனாலும், பல பத்து மீட்டர் தொலைவுவரை புரோட்டானை மறிக்கும் வலு இருக்கிறது. புரோட்டான் விலகித் திரும்புகிறது. திரும்பும்போது தன் உந்தத்தில் ஒரு பங்கைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குமேல் இல்லை. ஆனால் காற்றைப் பொறுத்தவரை அது நூறு மீட்டர் அகலமுள்ள சுவர்.

இதில் ஒரு சிக்கல். காற்றில் எலக்ட்ரான்களும் வருகின்றனவே. அவை எதிர்மின்னூட்டம் உள்ளவை; கம்பியைத் தேடி ஓடிவந்து ஒட்டும். சும்மா விட்டால் கம்பியின் மின்னூட்டம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அதற்காக ஓர் எலக்ட்ரான் துப்பாக்கி, ஒட்டியவற்றைத் திருப்பி வெளியே எறிந்துகொண்டே இருக்கிறது. கம்பி எவ்வளவுக்கு மெலிதோ அவ்வளவுக்குக் குறைவாக எலக்ட்ரான் ஒட்டும், மின்செலவும் குறையும். சில நூறு வாட் மின்சாரம் போதும் என்பது யான்ஹுனனின் கணக்கு. சோலார் பலகைகளுக்கு அது பெரிய சுமையே இல்லை.

மொத்தம் 2,000 கிலோமீட்டர் கம்பி. கிடைக்கும் தள்ளல் சுமார் ஒரு நியூட்டன், அதாவது பூமியில் நூறு கிராம் எடையளவு. ஒரு டன் கலத்துக்கு நொடிக்கு நொடி ஒரு மில்லிமீட்டர் வேகம் கூடும். அற்பம்தான். ஆனால் ஒரு வருஷத்துக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சம் நொடி. அதே தள்ளல் ஓராண்டு நீடித்தால் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகம் சேர்கிறது. ராக்கெட்டுக்கு 780 டன் கேட்ட அதே வேகம். இங்கே கம்பியின் மொத்த எடை சுமார் 20 கிலோ.

*

சூரியனைவிட்டு விலகும்போது ஒளிப்பாய் வேகமாகக் களைத்துப் போகும்: தொலைவு இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கில் ஒன்று. மின்பாய்க்கு அது பாதியாகத்தான் குறைகிறது. காற்று நீர்த்துப்போகப் போக, கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தைத் தணிக்கும் எலக்ட்ரான்களும் குறைகின்றன. புலம் இன்னும் தூரத்துக்குக் கை நீட்டுகிறது. காற்று மெலியும்போது பாய் தானாக அகலமாகிறது. யாரும் எதையும் திருக வேண்டியதில்லை. எனக்கு இந்த வடிவமைப்பில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

காற்று அன்றாடம் ஏறி இறங்கும் தொல்லைக்கும் இதே குணம் ஓரளவு மருந்தாகிறது.

*

காற்று சூரியனிலிருந்து வெளிநோக்கி மட்டுமே வீசும்போது கலத்தை உள்ளே, புதனை நோக்கிக் கொண்டுபோக முடியுமா? முடியும். பாயைச் சாய்த்துப் பிடித்து, சுற்றுப்பாதையில் கலம் ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளலில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டால் கலத்தின் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் சூரியனின் ஈர்ப்பு அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். சாய்ப்பதற்குக் கயிறோ சுக்கானோ தேவையில்லை. சுழலும் ஒவ்வொரு கம்பியின் மின்னழுத்தத்தையும் அது நிற்கும் இடத்துக்கேற்பக் கூட்டிக் குறைத்தால் போதும். எலக்ட்ரான் துப்பாக்கியை நிறுத்தினால் பாயே இல்லாமல் போகும்.

*

கம்பியை எப்படிச் செய்வது? மனிதத் தலைமுடியைவிட மெல்லிய, 25 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியக் கம்பிகள். விண்வெளியில் மண்துகளினும் சிறிய நுண்கற்கள் பறந்துகொண்டிருக்கின்றன. ஒற்றைக் கம்பியானால் ஏதாவது ஒன்று பட்டு அறுந்துவிடும். அதனால் ஒரு முதன்மைக் கம்பி, அதன் பக்கவாட்டில் வளைவு வளைவாகத் தொடரும் துணைக் கம்பிகள், சில சென்டிமீட்டருக்கு ஓர் இணைப்பு. ஓரிடத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். இழுவையும் மின்சாரமும் வேறு வழியில் ஓடும்.

இவ்வளவு மெல்லிய கம்பியைப் பற்றவைக்கச் சூடு ஆகாது, உருகிவிடும். பசை ஆகாது, மின்சாரம் ஓடாது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் மின்னணு ஆய்வகத்தில், சிப் தொழிற்சாலைகளில் வழக்கமான ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். சின்ன ஆப்பு ஒன்று இரண்டு கம்பிகளையும் சேர்த்து அழுத்துகிறது. கேளா ஒலி அதிர்வில் ஒன்றின்மேல் ஒன்று உராய்கிறது. அலுமினியத்தின் மேல் படிந்த ஆக்சைடு உடைந்து, உலோகமும் உலோகமும் நேரடியாகப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த இணைப்புக்குக் கம்பி நகர்கிறது. சற்று அழுத்தம் கூடினால் கம்பி நசுங்கி அறுந்தது, குறைந்தால் பிடிப்பு இல்லை. இப்படி ஒட்டி ஒட்டி, 2013 தொடக்கத்தில் முழுதாக ஒரு கிலோமீட்டர் நீளத்தை முடித்தார்கள். 90,704 இணைப்புகள். அந்த ஒரு கிலோமீட்டர் கம்பியின் எடை சுமார் பத்து கிராம்.

*

கம்பி தயார். விண்வெளியில் விரிய வேண்டும்.

முதலில் முயன்றது எஸ்டோனியா. மக்கள்தொகை 13 லட்சம். அதற்கு முன் சொந்தமாக ஒரு செயற்கைக்கோள்கூட இல்லாத நாடு. டார்ட்டு பல்கலைக்கழக மாணவர்கள் மார்ட் நூர்மாவின் வழிகாட்டுதலில் பத்து சென்டிமீட்டர் கனசதுரமாக எஸ்ட்க்யூப்-1-ஐக் கட்டினார்கள். எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். 2013 மே 7 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து வேகா ராக்கெட்டில் அது போனது. உள்ளே ஒரு சிறு சுருளில் பத்து மீட்டர் கம்பி, ஹெல்சிங்கியில் செய்தது. பூமிக்கு இவ்வளவு அருகில் சூரியக் காற்று வராது. பூமியின் காந்தப்புலம் அதை வெளியிலேயே தடுத்துவிடும். ஆனால் கலம் பூமியைச் சூழ்ந்த அயனமண்டலப் பிளாஸ்மாவை நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பிளாஸ்மாவையே எதிர்க்காற்றாக வைத்துக்கொள்ளலாம். கம்பி எதிர்க்காற்றுக்கு முகம் காட்டும் பாதிச் சுற்றில் மட்டும் மின்னழுத்தம் கொடுத்து, கலத்தின் சுழற்சி எவ்வளவு மாறுகிறது என்று அளப்பது திட்டம். எளிமையான, நேர்த்தியான சோதனை.

கலத்தைச் சுழற்றினார்கள். சுருளைத் திருப்பக் கட்டளை போனது. கேமராவில் கம்பியின் நுனி தெரியவேயில்லை. சுருள் திரும்பவில்லை. ஏவும்போது ஏற்பட்ட அதிர்வில் மோட்டார் பழுதாகியிருக்கலாம் என்று கருதப்பட்டது. 2015 மே மாதத்தோடு கலத்தின் பணி முடிந்தது.

இரண்டாவது முயற்சி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 2017 ஜூன் 23, பிஎஸ்எல்வி-சி38. இஸ்ரோவின் கார்ட்டோசாட் செயற்கைக்கோளோடு போன முப்பது சிறு கலங்களில் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய ஆல்ட்டோ-1 ஒன்று. (அதே ராக்கெட்டில் கன்னியாகுமரி மாவட்டம் குமாரகோவிலின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் செய்த நியூசாட்டும் போனது.) ஆல்ட்டோவில் இருந்தது நூறு மீட்டர் கம்பி, பிளாஸ்மா பிரேக் என்ற சோதனைக்காக. கம்பிக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் அது அயனமண்டலத்தில் இழுத்துப் பிடித்து, காலாவதியான செயற்கைக்கோளைக் கீழே கொண்டுவரும். விண்குப்பை பெருகிவரும் இந்தக் காலத்தில் அதுவே தனிப் பயன். அந்தக் கம்பியும் வெளிவரவில்லை.

பிறகு எஸ்ட்க்யூப்-2. பத்தாண்டு உழைப்பு. 2023 அக்டோபர் 9 அன்று மறுபடி வேகாவில் போனது. இம்முறை கலமே தன் கூட்டைவிட்டுப் பிரியவில்லை. ராக்கெட்டின் மேல்நிலையோடு சேர்ந்து வளிமண்டலத்தில் எரிந்துபோனது. கம்பியைச் சோதிக்கும் கட்டமே வரவில்லை.

இந்த மூன்று முயற்சியிலும் தோற்றது இயற்பியல் இல்லை. சுருள், மோட்டார், தாழ்ப்பாள். பட்டம் விட்டவர்களுக்குத் தெரியும், நூலைச் சிக்கில்லாமல் விடுவதில்தான் பாதி வித்தை இருக்கிறது. நீளமான கம்பிகளை விண்வெளியில் விரித்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1994-இல் நாசா செட்ஸ்-2 சோதனையில் 20 கிலோமீட்டர் கயிற்றை முழுதாக விரித்தது. 1996-இல் கொலம்பியா ஓடத்திலிருந்து மின்கடத்தும் கம்பி ஒன்று 19 கிலோமீட்டருக்கு மேல் போய், மின்பொறியால் அறுந்தது. அவையெல்லாம் இதைவிடப் பல மடங்கு தடிமன்.

*

கம்பி வேண்டாம், காந்தம் போதும் என்று ஒரு தனிப் பள்ளி உண்டு. 1980-களின் கடைசியில் ராபர்ட் ஸுப்ரினும் டேனா ஆண்ட்ரூஸும் பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு மீக்கடத்தி வளையத்தை எண்ணிப் பார்த்தார்கள். அதில் மின்சாரம் ஓடினால் எழும் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலம்போலவே காற்றை விலக்கும். வளையத்தின் எடைதான் கழுத்தை நெரித்தது. 2000-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் விங்லி, சிறு காந்தச் சுருளுக்குள் பிளாஸ்மாவை ஊதினால் அதுவே காந்தப்புலத்தைப் பலூனாக விரித்துவிடும் என்றார். ஊதிய பிளாஸ்மா கலத்தை உண்மையிலேயே இழுத்துச் செல்லுமா, நழுவிப் போகுமா என்ற சர்ச்சை நீண்டுகொண்டே போனது. ஊதும் பிளாஸ்மா தீர்ந்துபோகும் பொருள்தான் என்பது எனக்கு அதில் உள்ள குறை.

காந்தப்பாய்க்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது: பிரேக். என்றோ ஒருநாள் வேறொரு நட்சத்திரத்துக்குக் கலம் போனால், அங்கே நிற்பதற்கு எரிபொருள் சுமந்து போக முடியாது. நட்சத்திரங்களுக்கிடையே உள்ள மெல்லிய வாயுவிலும், பிறகு அந்த நட்சத்திரத்தின் சொந்தக் காற்றிலும் உரசி வேகத்தைக் குறைக்கலாம்.

*

எங்கே போகலாம்? சூரியக் காற்று ஓய்ந்து, நட்சத்திரங்களுக்கிடையே உள்ள வெளி தொடங்கும் எல்லை ஹீலியோபாஸ். வாயேஜர் 1 அதைக் கடக்க 1977 செப்டம்பரிலிருந்து 2012 ஆகஸ்ட்வரை ஆனது. நாசாவின் மார்ஷல் மையத்தில் புரூஸ் வீக்மன் குழு, 20 கிலோமீட்டர்க் கம்பிகள் கொண்ட மின்பாயால் பத்தாண்டுக்குள் அங்கே போய்விடலாம் என்று காட்டியது. ஓர் ஆய்வாளர் தன் பணிக்காலத்துக்குள்ளேயே அனுப்பி, அளந்து, எழுதி முடிக்கலாம் என்பதே அதன் பொருள். யுரேனஸுக்கு வாயேஜர் 2 போய்ச்சேர எட்டரை ஆண்டு ஆனது; மின்பாயில் சுமார் ஆறு ஆண்டு என்கிறார் யான்ஹுனன். அதற்குக் கோள்கள் வரிசையில் வந்து நிற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

என் மனம் போவது இன்னொரு திட்டத்தின்மேல். 2017-இல் யான்ஹுனன் குழு சொன்னது: ஐந்து கிலோ எடையுள்ள ஐம்பது குட்டிக் கலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு 20 கிலோமீட்டர் கம்பி. மூன்றே கால் ஆண்டில் குறுங்கோள்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முந்நூறு குறுங்கோள்களின் படங்களோடு பூமிக்கருகே வந்து தகவலைக் கொட்டிவிட வேண்டும். இதுவரை நாம் அருகில் போய்ப் பார்த்த குறுங்கோள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

*

உண்மையான ஐயம் ஒன்றே ஒன்று. கம்பியைச் சுற்றி எலக்ட்ரான்கள் சிக்கி வட்டமிடும். அவை அதிகமானால் மின்புலத்துக்குத் திரைபோட்டுவிடும். தொடக்கக் கணக்குகளில் ஒரு மீட்டர் கம்பிக்கு 100 நானோநியூட்டனுக்குள்தான் தள்ளல் கிடைத்தது. 2009-இல் யான்ஹுனன், சிக்கிய எலக்ட்ரான்கள் கலத்தின் உடலருகே வரும்போது பாதை குலைந்து, மெல்ல அகன்றுவிடும் என்று காட்டினார். எண் 500-க்கு ஏறியது. ஐந்து மடங்கு வித்தியாசம். இதைக் கணினியில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. ஆய்வகத்து வெற்றிடக் கூண்டிலும் முடியாது. கம்பியின் புலம் கூண்டைவிடப் பெரியது.

கம்பியை விரிக்கும் பொறியைத் தாழ்ந்த சுற்றுப்பாதையிலேயே சோதித்துவிடலாம். வேலை முடிந்த பிஎஸ்எல்வி நான்காம் நிலையை இஸ்ரோ போயம் என்ற பெயரில் சோதனை மேடையாக வைத்திருப்பது இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. தள்ளலை அளக்கத்தான் பூமியின் காந்தமண்டலத்துக்கு வெளியே போக வேண்டும். நிலவுக்கோ, ஆதித்யா-எல்1 இப்போது நின்று சூரியக் காற்றை அளந்துகொண்டிருக்கும் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கோ போகிற ஏதாவது ஒரு ராக்கெட்டில் பத்து கிலோவுக்கு இடம் கிடைத்தால் போதும்.

பத்து கிலோ கலம், ஒரு கிலோமீட்டர் கம்பி. மீட்டருக்கு 500 நானோநியூட்டன் என்பது சரியானால் ஒரே நாளில் கலத்தின் வேகம் நொடிக்கு நான்கு மீட்டருக்குமேல் மாறும். 100 என்பது சரியானால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக. கலத்தின் வானொலி அலையின் டாப்ளர் மாற்றத்தை வைத்து நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டைக்கூடப் பூமியிலிருந்து படித்துவிடலாம். சுருள் மட்டும் ஒழுங்காகத் திரும்பினால் மறுநாள் காலையில் விடை தெரிந்துவிடும்.